காப்புக் கட்டிய சைக்கிள்

அன்பு வாசகர்களே, எல்லாரும் பசியாறிவிட்டீர்களா? உடம்பெல்லாம் எப்படி இருக்கிறது? காலையில் வெயில் மண்டையைப் பிளக்கிறது, மத்தியானம் ஆனால் வானம் பொத்துக்கொண்டு ஊற்றுகிறது. வீட்டுக்கு வீடு சளியும் இருமலுமாக இருக்கும். பிள்ளைகளுக்குத் தலையை நன்றாகத் துவட்டிவிடுங்கள். முட்டி வலிக்காரர்கள் மழை வருமுன்னே கொடித் துணியை எடுத்துவிடுங்கள். தூறல் விழுந்த பிறகு ஓடிப்போய் வழுக்கி விழாதீர்கள்.

இந்த வாரம்தான் கதைக்குள் வருகிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். கோலசிலாங்கூருக்குப் பக்கத்தில் பாலத்தடித் தோட்டம். பழைய தொழிலாளர் லயங்களை இடித்துவிட்டுக் கட்டிய வரிசை வீடுகளில் கடைசி வீடு திலீப், பிரேமலா தம்பதியுடையது. திலீப் ரவாங் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மெக்கானிக். பிரேமலா டவுனில் ஒரு பல் கிளினிக்கில் வேலை செய்கிறாள். மூத்தவள் விஷாலினிக்கு ஆறு வயது, சின்னவன் கோகிலனுக்கு மூன்று. திலீப்புக்கு நெடுந்தூரம் சைக்கிள் ஓட்டுவதில் பைத்தியம். ஞாயிற்றுக்கிழமை விடியுமுன் கிளம்பினால் பொழுது சாயத்தான் வருவான். கூடவே செல்வா வருவான். சுங்கை பெசார்க்காரன், ஒரே பள்ளிக்கூடத்தில் படித்த சிநேகிதன்; மனைவி அன்பரசி.

போன வருஷம் இதே நாளில் இருவரும் பாகான் நக்கோடா ஓமார் கடலைத் தொட்டுவிட்டு வருவதாகக் கிளம்பினார்கள். வழியில் பிரேமலாவின் அழைப்பு வந்தது. கோகிலனுக்குக் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்துவிட்டது. திலீப் ஓரமாக நின்று பேசினான். செல்வா நிற்காமல் முன்னால் போனான். பேசி முடித்துவிட்டு திலீப் போய்ச் சேர்ந்தபோது, ரோட்டின் குறுக்கே ஒரு லோரி நின்றிருந்தது.

அதன் பிறகு சைக்கிள் பின்கட்டில் துணி மூடிக் கிடந்தது. செல்வாவின் தலைத்திவசத்தன்று அந்தப் பயணத்தை முடித்தே தீருவேன் என்று திலீப் சொன்னான். பிரேமலா பேச்சை நிறுத்தினாள். அங்கேதான் நாம் போன வாரம் விட்டோம்.

இன்றைக்கு அந்த நாள்.

* * *

இன்னும் முழுசாக வெளுக்கவில்லை. சமையலறை விளக்கின் கீழே பிரேமலா மைலோ கலக்கிக்கொண்டிருந்தாள். பின்கட்டில் திலீப் சைக்கிள் டயரை அமுக்கி அமுக்கிப் பார்க்கும் சத்தம் கேட்டது. கலக்குகிற கரண்டி நின்றுவிட்டால் பேச வேண்டி வருமே என்று அவள் கலக்கிக்கொண்டே இருந்தாள்.

"கரைஞ்சு போயிரும் கப்பே," என்றபடி திலீப் உள்ளே வந்தான்.

அவள் கப்பை மேசையில் வைத்தாள். வைத்த வேகத்தில் கொஞ்சம் சிந்தியது.

"மத்தியானத்துக்குள்ள அன்பரசி வீட்டுக்குப் போயிருவேன். அவ இலை போட்டு வச்சிருப்பா. சாப்பிட்டுட்டுக் கடலைப் பார்த்துட்டுத் திரும்பிருவேன். பொழுது சாய வீட்டுல இருப்பேன், பிரேமா."

அவள் கரண்டியைக் குழாயடியில் கழுவினாள்.

"செல்வா வீட்டு வரைக்குமாவது போகணும்லா. வழியில மாலை போடணும். செவ்வந்தி மாலை வாங்கிப் பையில வச்சிருக்கேன்."

"நான் என்ன வேணாம்னா சொன்னேன்?"

"சொல்லலியே. அதான் கேக்குறேன். எதாச்சும் சொல்லு."

பிரேமலா அடுப்படியைத் துடைத்தாள். துடைத்த இடத்தையே மறுபடி துடைத்தாள். ஒரு வருஷமாக இரண்டு பேர் நெஞ்சிலும் முள்ளாகக் கிடக்கிற அந்த ஒரு விஷயத்தை, இருவரும் இதுவரை வாய் திறந்து பேசியதில்லை. அவள் அழைத்ததால்தான் திலீப் நின்றான். நின்றதால்தான் உயிரோடு இருக்கிறான். நிற்காமல் போனவன் இல்லை. இதில் அழைத்தவளுக்கு நன்றி சொல்வதா, அழைத்தாயே என்று கேட்பதா? சொல்லவும் முடியாது, கேட்கவும் முடியாது. அதனால் இருவரும் மாதாந்திர சாமான், பிள்ளையின் தடுப்பூசி, தண்ணீர்க் குழாய் ஒழுக்கு என்று மற்றதையெல்லாம் பேசினார்கள்.

இன்றைக்கு அவள் வாயில் வந்தது இதுதான்.

"போங்க. இந்தத் தடவை நான் ஃபோன் பண்ணிக் கூப்பிட மாட்டேன்."

திலீப் கப்பைக் கீழே வைத்தான். முகத்தில் அறைந்தது போல இருந்தது அவனுக்கு. அவள் அதைப் பார்த்தாள். சொன்னதைத் திரும்ப அள்ளிக்கொள்ள முடியாமல் முந்தானையால் கையைத் துடைத்தாள்.

அவன் மெல்லச் சொன்னான். "இனிமே சைக்கிள்ல ஏறிட்டா நானும் ஃபோனை எடுக்கப் போறதில்ல, பிரேமா. ஏன்னு ஒனக்குத் தெரியும்."

பின்கட்டு வாசலில் விஷாலினி நின்றிருந்தாள். இரட்டைச் சடை பிரிந்து, கையில் அப்பாவின் தண்ணீர் போத்தலோடு. போத்தலை நிரப்பிச் சைக்கிளில் மாட்டுவது எப்போதும் அவள் வேலை. அதை வேறு யாரும் தொடக் கூடாது.

"இவ்ளோ காலையில ஏன் எழுந்திரிச்ச, பாப்பா?"

"போத்தல் வைக்கணும்ல," என்றாள் விஷாலினி. அம்மாவைப் பார்க்கவில்லை. சைக்கிளுக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். எழுந்திருக்க நேரம் பிடித்தது. திலீப் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டிருந்ததால் கவனிக்கவில்லை. பிரேமலா கவனிக்கிற நிலையில் இல்லை.

"போயிட்டு வர்றேன்," என்றான் திலீப்.

"அப்பா, பாலம் வரைக்கும் போயிட்டுத் திரும்பி வந்துருவீங்கல்ல?"

"பாலத்தைத் தாண்டி ரொம்பத் தூரம் போகணும், பாப்பா."

"இல்ல, வந்துருவீங்க," என்று விஷாலினி உறுதியாகச் சொன்னாள்.

சைக்கிள் சத்தமில்லாமல் செம்பனை மரங்களுக்கு நடுவே போயிற்று. பிரேமலா வாசலுக்கு வரவில்லை. ஜன்னல் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு, சின்னச் சிவப்பு விளக்கு மறையும்வரை நின்றாள்.

* * *

தோட்டத்து மாரியம்மனுக்கு வெள்ளிக்கிழமை காப்புக் கட்டியாகிவிட்டது. அடுத்த ஞாயிறு தீமிதி. எல்லையில் உள்ள பாலத்தின் மேல் வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். முன்னெல்லாம் காப்புக் கட்டினால் தோட்டத்தில் ஒருவரும் எல்லை தாண்ட மாட்டார்கள். இப்போது எல்லாருக்கும் வெளியே வேலை. அதனால் கையில் மஞ்சள் கயிறு கட்டி விரதம் இருப்பவர்களுக்கு மட்டும்தான் அந்தக் கட்டுப்பாடு.

காலை ஏற ஏற, கோயில் பக்கமிருந்து உறுமி மேளத்தை யாரோ பழகிப் பார்க்கும் சத்தம் வந்தது. பிரேமலா கோகிலனைக் குளிப்பாட்டித் துண்டால் சுற்றினாள். விஷாலினி வாசல் கேட்டில் தொங்கிக்கொண்டிருந்தாள்.

"பாப்பா, வந்து பசியாறு."

"அப்பா வரட்டும்."

"அப்பா சாயங்காலம்தான் வருவாரு."

"இல்லம்மா. இப்ப வந்துருவாரு."

தோசை ஆறி வறட்டியானது. பிரேமலா இரண்டு தரம் கூப்பிட்டாள், மூன்றாம் தரம் குரலை உயர்த்தினாள்.

"ரோத்தான் பிரம்பை எடுக்கவா? கேட்டுல தொங்காதன்னு எத்தனை தடவை சொல்றது!"

விஷாலினி இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. "அம்மா, அப்பா பாலத்தைத் தாண்டியிருப்பாரா?"

"எப்பவோ தாண்டியிருப்பாரு. இந்நேரம் தஞ்சோங் காராங் போயிருப்பாரு."

அவ்வளவுதான். பிள்ளையின் உதடு கோணியது. அழுகை சத்தமாக வரவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு மடங்கி உட்கார்ந்துவிட்டாள். பிரேமலா ஓடி வந்து தூக்கினாள்.

"என்னடா, வயிறு வலிக்குதா? எங்க வலிக்குது?"

"நான் காப்புக் கட்டிட்டேன்மா."

"யாருக்கு?"

"சைக்கிளுக்கு."

பிரேமலாவுக்குப் புரியவில்லை. விஷாலினி விக்கி விக்கிச் சொன்னாள். வெள்ளிக்கிழமை கோயிலில் பூசாரித் தாத்தா எல்லார் கையிலும் காப்புக் கட்டினார். கட்டிக்கொண்டே, காப்புக் கட்டினவர்கள் எல்லை தாண்டக் கூடாது, தாண்டினால் ஆத்தாள் சும்மா விடமாட்டாள் என்று சொன்னார். தட்டில் ஒரு கயிறு மிச்சம் இருந்தது. பொம்மைக்கா பாப்பா என்று கேட்டு அவரே கொடுத்தார்.

"பொம்மைக்குன்னு தலையாட்டுனேன். ஆனா சைக்கிளுக்குக் கட்டுனேன். போத்தல் வைக்கிற எடத்துல. அப்பா வேலைக்குப் போகலாம், கடைக்குப் போகலாம். சைக்கிள் மட்டும் போகக் கூடாது. பாலத்துக்கிட்ட சைக்கிள் நின்னுரும், அப்பா வந்துருவாருன்னு நெனச்சேன்."

"பாப்பா..."

"ஆனா அப்பா தாண்டிட்டாரு. ஆத்தா கோவிச்சுக்கிட்டா, லோரி வரும்லம்மா? நான் கட்டுனதாலதான வரும்?"

கோகிலன் துண்டோடு வந்து அக்காவின் பக்கத்தில் உட்கார்ந்து, "லோரி வரும்," என்று ஒத்து ஊதினான்.

பிரேமலா படித்தவள்தான். கிளினிக்கில் ராகு காலம் பார்த்துப் பல் பிடுங்க வருகிறவர்களைப் பார்த்து உள்ளுக்குள் சிரிக்கிறவள்தான். ஆனாலும் அந்த நிமிஷத்தில் அவளுடைய படிப்பு அவளுக்கு உதவவில்லை. அவள் வாயால் சொன்னதும், பிள்ளை கையால் கட்டியதும் ஒன்றாகச் சேர்ந்து அவள் கணவனோடு ரோட்டில் போய்க்கொண்டிருப்பது போலப் பட்டது.

மாட்டேன் என்று சொன்னவள், ஃபோனை எடுத்து அழைத்தாள். மணி அடித்தது, அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தாள். யாரும் எடுக்கவில்லை. எடுக்க மாட்டான் என்றும் அவளுக்குத் தெரியும். எடுக்காமல் இருப்பதற்குக் காரணமே அவள்தான் என்றும் தெரியும்.

அடுத்து சுங்கை பெசாருக்கு அழைத்தாள். செல்வாவின் மனைவி அன்பரசி உடனே எடுத்தாள்.

"அக்கா! அண்ணே கெளம்பிட்டாரா?"

"விடியக்காலையிலயே கெளம்பிட்டாருமா. இன்னும் அங்க வரலியா?"

"நேரம் இருக்குல்லக்கா. மெதுவா வரட்டும். வந்தா சொல்றேன். நீங்க ஏன் ஒரு மாதிரி பேசுறீங்க?"

"ஒண்ணுமில்லமா," என்று சொல்லி வைத்துவிட்டு, பிரேமலா மைவி கார் சாவியைத் தேடினாள்.

* * *

பிள்ளைகள் இருவரையும் பின் சீட்டில் உட்கார வைத்து, பெல்ட்டைப் போட்டு, காரை எடுத்தாள். பாலத்தின் மேல் வேப்பிலைத் தோரணம் கார் கூரையை உரசியது. விஷாலினி கண்ணை இறுக்க மூடிக்கொண்டாள்.

"கார் போகலாம்ல, பாப்பா?" என்று பிரேமலா கேட்டாள். பிள்ளையைத் தேற்றவா, தன்னையா என்று அவளுக்கே தெரியாது.

"கார் போகலாம்," என்றாள் விஷாலினி, கண்ணைத் திறக்காமலே.

கோலசிலாங்கூர் ஆற்றுப் பாலம் போயிற்று. தஞ்சோங் காராங் கடைகள் போயின. ரோட்டோரம் சைக்கிள் கண்ணில் பட்டபோதெல்லாம் கார் வேகம் குறைந்தது. ஒன்றில் ஒரு மலாய்க்காரப் பெரியவர் புல்லுக்கட்டோடு போனார். இன்னொன்றில் பள்ளிக்கூடப் பையன்கள். பிறகு செகிஞ்சான் வயல்வெளி வந்தது. இரண்டு பக்கமும் கண்ணுக்கெட்டிய தூரம் பச்சை. நடுவில் ரோடு மட்டும் நேராகக் கிடந்தது. இவ்வளவு வெட்டவெளியில் ஒரு மனிதன் போனால் தூரத்திலேயே தெரிய வேண்டும். தெரியவில்லை.

செல்வா அடிபட்டு விழுந்த இடம் வந்தது.

மின்கம்பத்தில் ஒரு மாலை கட்டியிருந்தது. வெயிலில் காய்ந்து கயிறும் சருகுமாக இருந்தது. அன்பரசி எப்போதோ கட்டியது. பிரேமலா காரை ஓரங்கட்டி இறங்கினாள். கம்பத்தைச் சுற்றிப் பார்த்தாள். கீழே புல்லில் பார்த்தாள்.

புது மாலை இல்லை.

திலீப் இந்த இடத்தில் நிற்காமல் போகமாட்டான். செவ்வந்தி மாலை அவன் பையில் இருக்கிறது. மாலை இங்கே இல்லை என்றால் அவன் இங்கே வரவே இல்லை. வந்த வழியிலும் இல்லை. விடியக்காலையில் கிளம்பியவன், இவ்வளவு நேரத்துக்கு, எங்கே?

அவள் கம்பத்தைப் பிடித்துக்கொண்டாள். ஒரு பெரிய லோரி காற்றை வாரி அடித்துக்கொண்டு போனது. காருக்குள் விஷாலினி இரண்டு காதையும் பொத்திக்கொண்டிருந்தாள்.

அப்போதுதான் ஃபோன் அடித்தது. கோயில் பூசாரி அப்பளசாமி.

"ஏம்மா பிரேமலா, வீட்டுல ஆளைக் காணோமே. எங்க இருக்க?"

"வெளிய வந்தேன் ஐயா. என்ன ஐயா?" அவள் குரல் உடைந்தது.

"ஒன் வீட்டுக்காரருக்கு என்னம்மா ஆச்சு? சண்டையா?"

"என்ன ஐயா சொல்றீங்க? எங்க பார்த்தீங்க அவரை?"

"எங்க பார்த்தேனா? எங்க பார்க்காம இருந்தேன்னு கேளு! காலையிலேர்ந்து சைக்கிளை எடுத்துக்கிட்டுத் தோட்டத்தையே சுத்திச் சுத்தி வர்றாரு. கோயில் முன்னால போறாரு, செம்பனை ஆலைக்குப் போற ரோட்டுல போறாரு, பாலம் வரைக்கும் போறாரு, திரும்பி வர்றாரு. ஆத்தா தேரே மூணு சுத்தோட நிறுத்திக்கும் லா! கூப்பிட்டா காது கேக்காத மாதிரி போறாரு. மழை வேற வருது. ஒனக்காச்சும் சொல்லுவோம்னு..."

அவர் இன்னும் பேசிக்கொண்டிருந்தார். அவள் கார் பாலத்தைக் கடந்த நேரம் அவன் ஆலைப் பக்கம் போயிருக்க வேண்டும். பிரேமலா கம்பத்தடியில் உட்கார்ந்து, ஒரு வருஷமாக அழாததையெல்லாம் அழுதாள்.

* * *

பாலத்துக்குத் திரும்பியபோது மழை சடசடவென்று இறங்கிவிட்டது. செம்மண் ரோட்டில் சைக்கிள் டயரின் தடம் ஒன்றின் மேல் ஒன்றாக விழுந்து, கயிறு திரித்தது போல் இருந்தது. கோயிலைத் தாண்டிய வளைவில் அவன் வந்துகொண்டிருந்தான். தலை தொங்கியிருந்தது. கால் சுற்றிக்கொண்டிருந்தது. போன வருஷம் அடிபட்டு விழுந்தவனின் சட்டை அவன் மேல் இருந்தது. பிரேமலாவுக்கு அது இப்போதுதான் கண்ணில் பட்டது. செல்வாவின் மஞ்சள் சட்டை.

காரை ரோட்டின் குறுக்கே நிறுத்திவிட்டு இறங்கினாள்.

அவன் நின்றான். நின்ற பிறகும் ஒரு காலை ஊன்றத் தெரியாதவன் போலத் தள்ளாடினான். அவள் போய் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டாள்.

"என்னங்க இது? என்ன பண்றீங்க நீங்க?"

"தாண்ட முடியல, பிரேமா."

"அப்ப வீட்டுக்கு வர வேண்டியதுதானே? செகிஞ்சான் வரைக்கும் போய்த் தேடிட்டு வர்றேன் நான். கம்பத்துல மாலை இல்லைங்க. மாலை இல்லன்னதும் எனக்கு..." அவளால் முடிக்க முடியவில்லை.

"நிக்கவும் முடியல," என்றான். மழை அவன் மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. "அன்னிக்கு நான் நின்னேன். அவன் போயிட்டான். இன்னிக்கும் நின்னேன்னா அவனை மறுபடி விட்டுட்ட மாதிரி. தாண்டவும் முடியாது, நிக்கவும் முடியாது. என்ன பண்றதுன்னு தெரியல. அதான் சுத்துனேன். இதுலயே அவனுக்காகப் போக வேண்டிய தூரத்தை ஓட்டிடலாம்னு."

"எதுக்குத் தாண்ட முடியல?"

அவன் குனிந்து போத்தலை உருவினான். மாட்டும் கம்பியில் மஞ்சள் கயிறு. நனைந்து, மஞ்சள் கரைந்து, கம்பியெல்லாம் வழிந்திருந்தது. வேப்பிலை ஒன்று செருகி இருந்தது.

"பாலத்துக்கிட்ட தண்ணி குடிக்கக் குனிஞ்சேன். அப்பதான் பார்த்தேன். கத்தி இருந்துச்சு, அறுத்திருக்கலாம். மூணு முடிச்சு போட்டிருந்துச்சு, பிரேமா." அவன் அவளை நிமிர்ந்து பார்த்தான். "நீதான்னு நெனச்சேன்."

பிரேமலா கயிற்றைப் பார்த்தாள். ஒன்று, இரண்டு, மூன்று. கோணல் மாணலாக இறுகிக் கிடந்தன.

"வாயால சொல்ல முடியாததை இப்படிச் சொல்லிட்டன்னு நெனச்சேன். ஒரு வருஷத்துல நீ எங்கிட்ட சொன்ன ஒரே வார்த்தை மாதிரி இருந்துச்சு. அதை எப்படித் தாண்டிப் போறது?"

ஆமாம் நான்தான் என்று சொல்லிவிட்டால் இந்த நிமிஷம் அவளுடையதாகிவிடும். இல்லை என்றால், காலையிலிருந்து அவன் மிதித்த மிதியெல்லாம் என்ன ஆகும்? நானல்லவா கட்டியிருக்க வேண்டும் என்று நினைத்தாள். எனக்கு ஏன் தோன்றாமல் போயிற்று?

கார்க் கதவு திறந்தது. விஷாலினி மழையில் இறங்கி வந்து, அம்மாவின் உடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"நான்தான்ப்பா கட்டுனேன். அம்மா இல்ல."

திலீப் பிள்ளையைப் பார்த்தான். கோபமில்லை. என்ன கேட்பது என்று தெரியாமல் கேட்டான்.

"மூணு முடிச்சு யாரு சொல்லிக் குடுத்தா?"

"சித்தி கல்யாணத்துல பார்த்தேன். மூணு போட்டா அவங்க எங்கயும் போக மாட்டாங்க."

விஷாலினி யோசித்துவிட்டு, தனக்குத் தெரிந்ததைச் சொல்கிற பிள்ளையின் குரலில் சொன்னாள்.

"செல்வா மாமா அன்பரசி ஆண்ட்டிக்குப் போட்டாரு. அதான் ஆண்ட்டி இருக்காங்க. மாமாவுக்கு யாரும் போடல."

திலீப் சைக்கிளை விட்டான். அது சேற்றில் சாய்ந்தது. அவன் முழங்காலில் உட்கார்ந்து மகளின் வயிற்றில் முகத்தைப் பதித்துக்கொண்டான். சாவு வீட்டில் கூட அழாதவன். பிரேமலா குனிந்து இருவர் தலையையும் தன் கையால் மழைக்கு மறைத்தாள். மறைத்து என்ன, எல்லாம் நனைந்தாகிவிட்டது.

"நானும் கூப்பிட்டேன்," என்றாள் அவன் காதருகே. "இன்னிக்கும் கூப்பிட்டேன். மாட்டேன்னு சொன்னேன்ல, ஆனா கூப்பிட்டேன். அன்னிக்குக் கூப்பிட்டதுக்காக நான் வருத்தப்படலைங்க. வருத்தப்படலையேன்னுதான் ஒரு வருஷமா வருத்தம். அன்பரசி மூஞ்சியைப் பார்க்க முடியல."

"எனக்கும்," என்றான் அவன்.

* * *

கோயில் கொட்டகைக்குள் அப்பளசாமி துண்டு கொடுத்தார். சைக்கிளைச் சுற்றி வந்து, குனிந்து கயிற்றைப் பார்த்தார். பிறகு விஷாலினியைப் பார்த்தார்.

"பொம்மைக்குன்னு சொன்னியே, பாப்பா?"

விஷாலினி அப்பாவின் பின்னால் ஒளிந்தாள்.

"இந்தத் தோட்டத்துல மனுசனுக்குக் கட்டியிருக்கேன், கரகத்துக்குக் கட்டியிருக்கேன். சைக்கிளுக்குக் கட்டினது இதான் முதல் தடவை. விரதம் இருக்குமா இது? எண்ணெய் கிண்ணெய் ஊத்தாதீங்க." சொல்லிவிட்டு, சிரித்துவிட்டார். "அவிழ்த்துடவா ஐயான்னு கேக்காதீங்க. தீமிதி முடிஞ்சுதான் அவிழ்க்கணும். அதுவரைக்கும் இது ஆத்தா பொறுப்பு. கொட்டகையில நிக்கட்டும்."

கோகிலன் சைக்கிளைத் தொட்டுக் கும்பிட்டுக் கன்னத்தில் போட்டுக்கொண்டான்.

திலீப் பையிலிருந்து மாலையை எடுத்தான். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. "அன்பரசி இலையைப் போட்டுட்டு ஒக்காந்திருப்பா. என்ன சொல்றது அவளுக்கு?"

பிரேமலா மகள் பக்கம் குனிந்தாள். "பாப்பா, சைக்கிள்தான் தாண்டக் கூடாது. அப்பா?"

விஷாலினி யோசித்தாள். கயிற்றை ஒரு தரம் பார்த்தாள். "அப்பா போகலாம். கார்ல. நம்ம எல்லாரும் போனா."

பிள்ளைகளைக் காரில் ஏற்றச் சொல்லிவிட்டு, பிரேமலா கொட்டகைத் தூணோரம் நின்று அன்பரசிக்கு அழைத்தாள். நடந்ததைச் சுருக்கமாகச் சொன்னாள். மன்னித்துக்கொள் என்றாள். அந்தப் பக்கம் ஏதோ பாத்திரத்தை மூடும் சத்தம் மட்டும் கேட்டது.

"வாங்கக்கா," என்றாள் அன்பரசி. "இலை காயாது, ஈரத்துணி போட்டு மூடியிருக்கேன். அண்ணனைக் கண்டிப்பா கூட்டிக்கிட்டு வாங்க. அவங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்."

"என்னம்மா?"

"அன்னிக்கு அண்ணே நின்னதும் இவரும் நின்னுருக்கணும்லக்கா. எப்பவும் நிப்பாரு. அன்னிக்கு மட்டும் ஏன் நிக்காம போனாருன்னு எனக்குத் தெரியும். ஒரு வருஷமா சொல்ல முடியல. இன்னிக்குச் சொல்லிடுறேன்."

பிரேமலா ஃபோனை இறக்கினாள். மழை விட்டிருந்தது. திலீப் ஓட்டுநர் சீட்டில் உட்கார்ந்து, அவளுக்காக மறுபக்கக் கதவைத் திறந்து வைத்திருந்தான்.

"என்ன சொன்னா?" என்று கேட்டான்.

அவள் ஏறி, கதவைச் சாத்தி, செவ்வந்தி மாலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

"வரச் சொன்னா," என்றாள்.

கார் பாலத்தில் ஏறியது. நனைந்த வேப்பிலையிலிருந்து தண்ணீர் கண்ணாடியில் சொட்டியது. விஷாலினி இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. திரும்பி மண்டியிட்டு உட்கார்ந்து, பின் கண்ணாடி வழியாகக் கோயில் கொட்டகையைப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

"நிக்குதும்மா," என்றாள். "அங்கேயே நிக்குது."

* * *

அன்பரசி சொல்லப்போவதை அடுத்த வாரம் கேட்போம். எந்த வீட்டிலும் இப்படி ஒரு பிள்ளை இருந்திருக்கும். அப்பாவின் செருப்பை ஒளித்து வைத்ததோ, சாவியை அரிசி டின்னுக்குள் போட்டதோ, வெளியூர் கிளம்பிய அம்மாவின் சேலை முந்தானையைக் கட்டில் காலில் முடிந்து வைத்ததோ, உங்கள் வீட்டுப் பிள்ளை யாரை எப்படிப் போகவிடாமல் தடுத்தது? அவர்கள் நின்றார்களா, போனார்களா? பத்திரிகை முகவரிக்கு எழுதுங்கள், ஃபோனில் தட்டி அனுப்பினாலும் சரிதான். எழுத்துப் பிழைக்கெல்லாம் பயப்படாதீர்கள், பேசுகிற மாதிரியே எழுதுங்கள். ஒன்று விடாமல் படிப்பேன்.